திறப்பு விழாவுக்கு மறுநாள்: சென்னைக் காட்சிக்கூடங்களும் தமிழ்ப் பார்வையாளரும்

கேள்வி

டிசம்பரிலிருந்து மார்ச்வரை சென்னையில் ஓவியக் கண்காட்சி ஒன்றாவது திறக்கப்படாத வாரம் அபூர்வம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், இவை தவிர தனியார் கூடங்கள் என்று ஏதோ ஓரிடத்தில் சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்து, விளக்குகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் தமிழில் படிக்கிறவர், எழுதுகிறவர் பேச்சில் இந்தக் கண்காட்சிகள் இடம்பெறுவதே இல்லை. ஒரு நாவல் வந்தால் ஆறு மாதம் விவாதிக்கிறோம். ஒரு திரைப்படத்துக்காக நண்பர்களோடு மனஸ்தாபம் வருமளவுக்குச் சண்டை போடுகிறோம். பத்து நாள் நடந்து முடியும் ஓவியக் கண்காட்சியைப் பற்றி ஒரு சிற்றிதழில் இரண்டு பக்க விமர்சனம் வருவதுகூட அரிது.

வேறு ஊராக இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்னையின் நிலை வேறு. 1850இல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் மிகப் பழைய கலைப்பள்ளி அது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் இங்கே உருவானது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கடற்கரையோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்று தங்களுக்கென ஒரு கிராமத்தை அமைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ் இயக்கம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் ஒரு முழுப் போக்கு இந்த நகரத்தில் பிறந்தது. இவ்வளவும் நடந்த ஊரில் ஓவியக் கண்காட்சி ஏன் தமிழ் வாசகனுக்கு ஒரு பொது நிகழ்வாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நவீனக் கலையின் வரவேற்பு என்று பொதுவாகப் பேசினால் கேள்வி கையில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: கண்காட்சியின் திறப்பு விழா. ஒரு காட்சிக்கூடம் தன் பார்வையாளர் யார் என்று நினைக்கிறது என்பது அந்த ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

மாலை ஆறு மணி

வெள்ளி அல்லது சனிக்கிழமை மாலை. வாசலில் குத்துவிளக்கு, மேசையில் மலர்க்கொத்து. சிறப்பு விருந்தினர் பெரும்பாலும் தொழிலதிபராகவோ, வெளிநாட்டுத் தூதரக அதிகாரியாகவோ, ஓய்வுபெற்ற உயர் அலுவலராகவோ இருப்பார். வரவேற்புரை ஆங்கிலத்தில். சமோசாவும் பழச்சாறும் தட்டில் சுற்றிவரும். ஓவியங்களுக்கு அருகே சிறு அட்டை: தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, எல்லாம் ஆங்கிலத்தில். விலைப் பட்டியல் சுவரில் இருக்காது. மேசைமேல் ஒரு கோப்பில் இருக்கும், கேட்டால் தருவார்கள். விற்றுப்போன படத்தின் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டப்படும். எட்டரை மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும்.

அந்த மாலையில் கூடத்துக்குள் பல வகையினர் இருப்பார்கள். சக ஓவியர்கள் ஓரமாக நின்று, சட்டம் போட்ட விதத்தையும் கேன்வாஸ் இழுப்பையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். வாங்கக்கூடியவர்களைக் கூடத்தின் உரிமையாளரே கூட்டிச்சென்று காட்டுவார். கலைக்கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர் முதுகுப் பையோடு பின்வரிசையில் நிற்பார்கள். அவர்கள் மட்டும்தான் ஒவ்வொரு படத்துக்கும் மூக்கு தொடும் தூரம்வரை போய்த் தூரிகைத் தடத்தைப் பார்ப்பார்கள். வாசலுக்கு வெளியே கார் ஓட்டுநர்கள் நிற்பார்கள். அவர்கள் உள்ளே வந்து பார்த்ததை நான் கண்டதில்லை. வரக்கூடாது என்று யாரும் அவர்களிடம் சொன்னதுமில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போனால் கூடம் காலியாக இருக்கும். காவலாளி எழுந்து விளக்குகளைப் போடுவார். பார்வையாளர் பதிவேட்டில் முதல் நாள் கையெழுத்துகள் மூன்று பக்கம் ஓடி, அதன்பின் நாளுக்கு ஏழெட்டு வரியாகக் குறுகியிருக்கும். கண்காட்சி தொடங்கும் மாலையிலேயே அதன் சமூக வாழ்வு முடிந்துவிடுகிறது. மீதி நாட்களில் படங்கள் சுவரில் தொங்குகின்றன, அவ்வளவுதான்.

இந்தத் திறப்பு மாலையின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. கண்காட்சிக்கு முன்பாக ஓவியர்கள் சுவரில் மாட்டிய படங்களுக்குக் கடைசிப் பூச்சு கொடுக்க ஒதுக்கப்பட்ட நாள் அது. லண்டன் ராயல் அகாதெமி 1809இல் இதை முறைப்படுத்தியது. அன்று ஓவியன் வேலை செய்துகொண்டிருப்பான். பார்க்க வந்தவர்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். பிறகு அது விருந்தாக மாறியது. நாம் அந்த விருந்தை எடுத்துக்கொண்டு குத்துவிளக்கைச் சேர்த்தோம். வேலையைப் பார்க்கும் பகுதி நம்மிடம் வந்து சேரவில்லை.

பழைய விளக்கங்கள்

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது, தமிழருக்குக் கண் பழகவில்லை என்பது. நாம் காதால் வாழும் சமூகம், பாட்டும் பேச்சும்தான் நமக்குக் கலை என்று கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். இது தவறான வாதம். கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள், அய்யனார் கோயில் மண் குதிரைகள், கோலம், தெருக்கூத்தின் முகவண்ணம், கையால் வரைந்த திரைப்படப் பதாகைகள், கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து வீடுதோறும் தொங்கிய நாட்காட்டிகள் என்று உருவங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நிற்காத சென்னைக்காரர் உண்டா? அதைச் செய்தவர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தச் சிலையைப் புரிந்துகொள்ள யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

நவீன ஓவியம் அந்நியமானது, அதனால் ஒட்டவில்லை என்பது இன்னொரு வாதம். சென்னையைப் பொறுத்தவரை இதுவும் நிற்காது. மெட்ராஸ் இயக்கத்தின் மூலப்பொருளே இந்த மண்ணில் இருந்து வந்தது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த முகங்களை ஒருமுறை அருகில் பாருங்கள். உருவம் முழுக்க முன்பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றிவந்து பார்க்கும் மேலைச் சிற்பம் போல அது இல்லை. மூலவருக்குச் சாத்தும் கவசம் போல நேருக்கு நேர் நிற்கிறது. எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் அப்படியே. ‘சென்னையின் உருவகம்’ என்று இந்தச் சிற்ப மரபுக்குப் பெயர் சூட்டி நூல் தொகுத்த ஜோசப் ஜேம்ஸ், இந்த முன்முகத்தன்மையைத்தான் இதன் அடையாளமாகக் கண்டார். அந்நியம் என்று ஒதுக்க இதில் ஏதுமில்லை.

மூன்றாவது விளக்கம் சமூகவியல் சார்ந்தது, வலுவானதும்கூட. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவும் அலேன் தார்பெலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பார்வையாளர்களை ஆராய்ந்து 1966இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கலையை ரசிக்கும் விருப்பம் இயல்பாகப் பிறப்பதில்லை, குடும்பமும் கல்வியும் அதை ஊட்டுகின்றன என்பது அவர்கள் முடிவு. அருங்காட்சியகம் எதை நினைவூட்டுகிறது என்று கேட்டபோது, கைவேலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தேவாலயத்தை என்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, அதை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குறைவாகப் படித்தவர்களே வழிகாட்டும் அம்புக்குறிகளையும் விளக்கப் பலகைகளையும் அதிகம் விரும்பினார்கள். பண்பாட்டில் ஊறியவர்கள் அவற்றைத் தொந்தரவாகக் கருதினார்கள். அதாவது விளக்கமில்லாத வெள்ளைச் சுவர் என்பதே ஒரு தேர்வுதான். அது யாருக்கு வசதி என்பது தெளிவு. பத்தாண்டு கழித்து, 1976இல், பிரையன் ஓ’டோஹர்ட்டி இந்த வெள்ளைச் சுவர் அறையைப் பற்றி எழுதிய கட்டுரைகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டின: வெளியுலகின் சுவடே படாதபடி அடைத்த அந்த அறை, உள்ளே வருகிறவரின் உடம்பையே சங்கடமாக உணரவைக்கிறது.

பூர்தியுவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் சென்னைக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. நான் இங்கே கேட்பது படிக்காதவர்கள் ஏன் வரவில்லை என்று மட்டும் இல்லை. பெக்கெட்டைப் படிக்கிற, மௌனியை மனப்பாடமாகச் சொல்கிற, திரைப்பட விழாவில் வரிசையில் நிற்கிற தமிழ் வாசகரும் கிரீம்ஸ் சாலைக்கு வருவதில்லை. அவருக்குக் கல்வி இருக்கிறது, ரசனைப் பயிற்சி இருக்கிறது. அவரைத் தடுப்பது வர்க்கம் மட்டுமே என்று சொல்ல முடியாது.

சுவரைவிடப் பக்கம்

இதற்கு விடை தேட, தமிழர்கள் நவீன ஓவியத்தை உண்மையில் எங்கே சந்தித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அச்சில் சந்தித்தார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1870களில் சென்னைக் கண்காட்சிகளில் பரிசு பெற்ற ரவி வர்மாவை மக்கள் அந்தக் கண்காட்சிகளில் அறியவில்லை. அங்கே போனவர்கள் ஆளுநரும் துரைமாரும் ஜமீன்தார்களும். 1894இல் அவர் அச்சுக்கூடம் நிறுவி வண்ணப் படங்களை அச்சிட்ட பிறகே பூஜை அறைகளுக்கு வந்தார். இருபதாம் நூற்றாண்டில் மணியமும் சில்பியும் கோபுலுவும் வார இதழ்கள் வழியாகவே ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கினார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் முகம் மணியம் கொடுத்த முகம்தான்.

நவீன ஓவியமும் இதே வழியில் வந்தது. காலத்தைப் பாருங்கள்: ‘எழுத்து’ இதழ் 1959, பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியது 1963, சோழமண்டலம் 1966, ‘நடை’ 1968, ‘கசடதபற’ 1970. புதுக்கவிதைக்காரர்களும் புது ஓவியர்களும் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டில், ஒரே விதமான பிடிவாதத்தோடு வேலை செய்தார்கள். இதழாளர்கள் சொந்தக் காசைப் போட்டார்கள். ஓவியர்கள் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். இருதரப்பும் சந்தித்துக்கொண்டன. எழுத்தாளர் ந. முத்துசாமி போன்றவர்கள் இருபக்கமும் நடமாடினார்கள். சிற்றிதழ்களின் அட்டைகளிலும் கவிதைத் தொகுப்புகளின் உள்ளேயும் கோட்டோவியங்கள் வந்தன.

கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) கதை இதில் எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று. 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் போட்ட படங்கள், எண்ணற்ற நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகள் இவை வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு அவர் சொந்தமானார். கரிசல் சம்சாரியின் முண்டாசையும் கம்பையும் நடுங்கும் ஒரே கோட்டில் அவர் கொண்டுவந்தபோது, அதை நவீன ஓவியம் என்று சொல்லி யாரும் பயமுறுத்தவில்லை. பக்கத்திலேயே கி.ரா.வின் வரிகள் இருந்தன. கண் எழுத்திலிருந்து கோட்டுக்கும் கோட்டிலிருந்து எழுத்துக்கும் போய்வந்தது.

அதே ஆதிமூலம் பின்னாளில் பெரிய கேன்வாஸ்களில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளை வரைந்தார். இந்திய ஓவியச் சந்தையும் காட்சிக்கூடங்களும் அறிந்த ஆதிமூலம் அவர். கோட்டு ஆதிமூலத்தை அறிந்த தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அந்த வண்ண ஆதிமூலத்தின் முன்னால் நின்றிருப்பார்கள்? மிகச் சிலரே. ஒரே கலைஞரின் வாழ்வு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி வாசகரிடமும் மறுபாதி வாங்குபவரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த வண்ணப் பரப்புகளிலும் கரிசலின் வெயிலும் காய்ந்த மண்ணும் இருக்கின்றன என்று எவரேனும் தமிழில் எடுத்துச்சொல்லியிருந்தால் அந்த வாசகர் நிச்சயம் வந்திருப்பார்.

கே. ராமானுஜத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். தொப்பி அணிந்த ஒற்றை மனிதன் கனவு நகரங்களிலும் விசித்திர விலங்குகளுக்கு நடுவிலும் உலவும் அவருடைய மைச்சித்திரங்கள் சோழமண்டலத்தின் பெரும் சாதனை. 1973இல் அவர் இறந்தார். இன்று அவர் பெயரைச் சொல்லும் தமிழ் வாசகரிடம் எப்படித் தெரியும் என்று கேட்டால், சி. மோகன் அவர் வாழ்வை ஒட்டி எழுதிய ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ நாவலைத்தான் சொல்வார். சுவரில் படத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்தில் ஓவியரைச் சந்தித்துவிட்டார்.

ஆக, தமிழ் வாசகர் நவீன ஓவியத்தைப் புறக்கணித்தார் என்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. படத்துக்கு அருகே தமிழ் இருந்த இடத்திலெல்லாம் அவர் வந்திருக்கிறார். தமிழ் விலகிய இடத்தில் அவரும் விலகியிருக்கிறார்.

கட்டடத்தைத் தாண்டினால் போதுமா

காட்சிக்கூடம்தான் தடை, கலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையில் சில அனுபவங்கள் கிடைத்திருக்கின்றன.

2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பியனாலே, கூடங்களோடு நிற்காமல் பொது இடங்களையும் பயன்படுத்தியது. 2019இல் புஷ்பமாலா என். தேர்ந்தமைத்த இரண்டாம் பதிப்பில் சேப்பாக்கம் செனட் ஹவுஸ் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்த பலர் அன்று உள்ளே போனார்கள். கட்டடத்தைப் பார்க்க வந்து ஒளிப்படத்தைப் பார்த்தவர்களும் உண்டு. ஒளிப்படத்துக்கு ஓர் இயல்பான வசதி இருப்பதை மறக்கக்கூடாது: எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, அதன் மொழி ஓரளவு எல்லோருக்கும் தெரியும்.

கண்ணகி நகர் வேறு விதமான பாடம். நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைப் பகுதிக் குடும்பங்களை அரசு குடியமர்த்திய இடம் அது. 2020இல் ஒரு தொண்டு நிறுவனமும் பெயிண்ட் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையவைத்தன. நாடு முழுதும் அதன் படங்கள் பரவின. கண்ணகி நகர் என்றாலே குற்றச் செய்தி என்றிருந்த பிம்பம் சற்று மாறியது; அந்த முகவரியைச் சொல்லி வேலை கேட்கத் தயங்கிய இளைஞர்களுக்கு அது சிறிய விஷயமில்லை. அதே சமயம், வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவில் கொண்டுவந்து விடப்பட்ட மக்களின் குறைகள் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் அப்படியே இருந்தன. அந்த ஓவியங்கள் யாரை நோக்கி வரையப்பட்டவை? சாலையில் போகிறவர், கேமராவோடு வருகிறவர் கண்ணுக்குத்தான் அவை எடுப்பாகத் தெரியும். வீட்டுக்காரர் தம் சுவரிலுள்ள படத்தைத் தம் ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. தெருவுக்கு வந்துவிட்டதாலேயே கலை மக்களிடம் பேசிவிட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொச்சி பியனாலே 2012 டிசம்பரில் தொடங்கியபோது கடலோரப் பகுதியின் பழைய கிடங்குகளுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் போனார்கள். பணச் சர்ச்சையும் ஊழியர் ஊதியப் பிரச்சினையும் அதைத் தொடர்ந்தன. அதை முன்மாதிரியாக வைத்துக் கொண்டாட நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் மலையாள நாளிதழ்களும் வார இதழ்களும் அதைப் பற்றி எழுதித் தீர்த்தன, ஆதரித்தும் திட்டியும். அந்தச் சண்டையே மக்களைக் கூட்டிவந்தது. நம்மிடம் இல்லாதது அந்தச் சண்டைதான்.

ஓவியரின் கணக்கு

காட்சிக்கூடங்களையும் ஓவியர்களையும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது, அது நியாயமாகாது. தனியாகக் கண்காட்சி வைக்கும் ஓர் இளம் ஓவியரின் செலவைப் பாருங்கள். கூட வாடகை, சட்டம், டெம்போ, அழைப்பிதழ், கேட்டலாக், திறப்பு விழா மாலையின் தேநீர்வரை பல சமயம் அவர் கைக்காசு. விற்றால் தனியார் கூடங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கூடத்துக்குப் போகும். விற்காவிட்டால் அதே டெம்போவில் படங்கள் வீடு திரும்பும். இந்தக் கணக்கில் நிற்கும் ஒருவர், வாங்கக்கூடிய பத்துப் பேர் வரும் அந்த ஒரு மாலையை நோக்கியே எல்லாவற்றையும் அமைப்பதில் தவறு காண முடியாது. வாங்குபவரின் மொழி ஆங்கிலம். ஆகவே அட்டை ஆங்கிலத்தில்.

சென்னை, கும்பகோணம் கலைக்கல்லூரிகளிலிருந்து வருகிற மாணவர்களில் கணிசமானோர் சிற்றூர்களிலிருந்து வந்த, தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். விதைப்பும் கூத்தும் பொம்மை செய்யும் தொழிலும் அவர்கள் வீட்டில் இருக்கிறது; படங்களிலும் இருக்கிறது. இவர்களே தங்கள் கண்காட்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வேண்டுமே என்று யாரையாவது தேடிப்போகிறார்கள். அப்படி எழுதிவாங்கிய குறிப்பைத் தன் படத்தின் அருகே ஒட்டிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்ட ஒரு சிற்பியைச் சந்தித்திருக்கிறேன். அவர் படித்த ஊர்ப்பள்ளி நண்பர்கள் வந்தால் எதைப் படிப்பார்கள்? இதை மொழிப்பற்று சார்ந்த பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. படைத்தவரே படிக்க முடியாத விளக்கத்தோடு ஒரு படைப்பு பொதுவில் நிற்பது, அந்தப் படைப்பை அவரிடமிருந்தே பறிப்பதாகும்.

விமர்சகர்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. ஜோசப் ஜேம்ஸும் அஷ்ரஃபி பகத்தும் மெட்ராஸ் இயக்கத்தை ஆழமாக எழுதினார்கள், ஆங்கிலத்தில். தமிழில் இந்திரன் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒற்றை ஆளாக இந்தப் பணியைச் செய்தார். டிராட்ஸ்கி மருது போன்ற ஓவியர்கள் தாங்களே எழுதவும் பேசவும் வேண்டியிருந்தது. ஆனால் திரைப்பட விமர்சனத்துக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் தமிழில் இருப்பதுபோல, இந்த வாரம் திறந்த கண்காட்சியை அடுத்த வாரம் கறாராக மதிப்பிடும் மரபு உருவாகவில்லை. பாராட்டு மட்டும் இருக்கும் இடத்தில் வாசகருக்குப் போகத் தோன்றாது. எந்தப் படம் தோற்றது, ஏன் தோற்றது என்று ஒருவர் எழுதினால்தான் அவர் சொல்வது சரியா என்று பார்க்க இன்னொருவர் கிளம்புவார்.

சுவரில் எழுத வேண்டிய தமிழ்

சுவர்க்குறிப்பைத் தமிழில் வைத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. வைத்திருக்கும் சில இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ‘வெளி’, ‘இருப்பு’, ‘விளிம்பு’, ‘உரையாடல்’ என்ற சொற்களை அடுக்கி, ஆங்கிலக் குறிப்பை வரிக்கு வரி பெயர்த்து ஒட்டியிருப்பார்கள். அதைப் படிப்பவர் ஓவியத்தின்மேல் கோபப்படுவார்; அவர் கோபப்பட வேண்டியது குறிப்பின்மேல்.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வெளிறிய பரப்பு. அதில் ஜாதகக் கட்டங்கள், கணக்குப் போட்டது போன்ற குறிகள், சிறு மீன், பறவை, பாம்பு. நெருக்கமாக எழுதிய வரிகள். எழுத்து போலவே இருக்கின்றன, ஆனால் ஒரு சொல்லும் வராது. இதன் அருகே நான் எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்: ‘இதிலுள்ள வரிகளைப் படிக்க முயல வேண்டாம், படிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறார். ஜோசியர் விரிக்கும் ஓலையையும் கட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் புரியாத எழுத்து நம் வாழ்வைத் தீர்மானிப்பதாக நம்பி அதன்முன் உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா? அந்த உணர்வை நிறத்திலும் கோட்டிலும் கொண்டுவர முடியுமா என்று பார்த்திருக்கிறார்.’ இதைப் படித்த பிறகு எந்த ஊர்க்காரரும் அந்தப் படத்தின்முன் ஐந்து நிமிடம் நிற்பார். ஜாதகக் கட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, அந்தப் படத்தை டெல்லியிலோ லண்டனிலோ பார்ப்பவருக்குத் தெரியாது. அவருடைய அறிவு அங்கே பயன்படும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதே குறை.

நேரத்தையும் யோசிக்கலாம். அலுவலக நாளில் பதினொன்றுக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடும் கூடத்துக்குச் சம்பளக்காரர் எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை மூடுகிற கூடங்கள் அந்த ஒரு நாளாவது திறந்திருக்கலாம். திறப்பு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கண்காட்சியின் நடுவில் வரும் ஒரு ஞாயிறு மாலைக்கு ஒதுக்கி, ஓவியரைத் தம் படங்களுக்கு நடுவே நிற்கவைத்துத் தமிழில் பேசச் சொல்லலாம். எப்படி வரைந்தேன், எந்தப் படத்தை மூன்று முறை அழித்தேன், இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று. அந்தப் பழைய பூச்சு நாளின் சாரம் அதுதானே: வேலையைப் பார்க்கவிடுவது. சிற்றிதழ்களும் பதிப்பகங்களும் தங்கள் நூல் வெளியீட்டை ஒரு கண்காட்சிக்குள் நடத்தலாம். 1960களில் இருந்த அந்த உறவு முறிந்ததற்கு இருதரப்பின் மறதியைத் தவிரப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மீதி வாசகரிடம் இருக்கிறது. சென்னையின் பெரும்பாலான ஓவியக் காட்சிக்கூடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கத்தான் வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, அழைப்பிதழும் தேவையில்லை. திறப்பு விழாவை விட்டுவிட்டு மறுநாளோ அதற்கு மறுநாளோ போங்கள். கூடம் காலியாக இருக்கும், படத்தின் அருகே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பதிவேட்டில் தமிழில் கையெழுத்திடுங்கள். குறிப்பு ஏன் தமிழில் இல்லை என்று அதிலேயே எழுதிக் கேளுங்கள்.